காலி எடை

மாட்டுத்தாவணிக்குப் பின்னால்
வெங்காய லாரிகள் ஏறி இறங்கும் எடைமேடையில்
பதினாறு வருஷமாய் எண்களை எழுதுகிறேன்.
பார எடை, காலி எடை,
கழித்தால் நிகர எடை.
கழித்தலில் நான் தப்பு விட்டதில்லை.

போன ஆனியில்
டவுன் பஸ் கடைசிப் படியில் கால் பிசகிக்
கையை ஊன்றினேன். அவ்வளவுதான்.
மணிக்கட்டு
கோடைச் சுள்ளி மாதிரி ஒரு சத்தம் போட்டது.
"இதுக்கெல்லாமா ஒடியும்?" என்றான் ஒச்சப்பன்,
மூட்டையும் ஆளுமாய் லாரியிலிருந்து விழுந்து
மறுநாளே லோடு ஏற்ற வந்தவன்.

கே.கே. நகரில் ஒரு ஸ்கேன் சென்டர்.
மல்லாக்கப் படுக்கச் சொன்னார்கள்.
ஒரு இயந்திரக் கை
இடுப்பிலிருந்து முதுகுக்கு ஊர்ந்தது.
எனக்குச் சிரிப்பு வந்தது:
ஊர் லாரியை எல்லாம் ஏற்றியவள்
இன்றைக்கு மேடையில்.

சீட்டில் வந்தது,
கழித்தல் இரண்டு புள்ளி ஏழு.
எதிலிருந்து கழித்தீர்கள் என்று கேட்டேன்.
"முப்பது வயசுப் பொண்ணோட எலும்புலேருந்து."

முப்பது வயதில் நான்
பெரியாஸ்பத்திரி வராந்தாவில் நின்றேன்.
தவசி போய் நாற்பத்தொரு நாள்.
என் ரத்தத்தில் சிடி நான்கு, எண்பத்து மூன்று.
ஏலச்சீட்டைத் தள்ளிக் கேட்டுப் பாதியில் எடுத்தேன்.
கொலுசை நாத்தனார் மகளுக்குக் கொடுத்தேன்.
ஒரு சேலையை மடிப்புக் கலைக்காமல் வைத்திருந்தேன்,
எதற்கென்று உங்களுக்குத் தெரியும்.
ஐந்து வருஷ உத்தரவாதம் என்று
கடைக்காரர் மிக்ஸியைக் காட்டியபோது
ஒரு வருஷம் ஓடினால் போதும் என்று
மலிவானதை வாங்கினேன்.

இப்போது ஓடுவது மூன்றாவது மிக்ஸி.

முதலில் தந்த மாத்திரை கன்னத்தைத் தின்றது.
அடுத்தது கனவுகளைக் கலக்கியது.
கூடவே வந்த ஒன்று
சத்தம் காட்டாமல் உயிரைத் தாங்கிப் பிடித்தது;
மண்டிக்காரன் மூட்டைக்கு ஒரு கை அள்ளுவதுபோல
எலும்பில் அள்ளியிருக்கிறது.
"மாத்திரை மட்டுமில்லக்கா," என்றாள்
கவுன்சிலர் ஜெசிந்தா.
கிருமியும் அள்ளுமாம்.
நாற்பத்தைந்திலேயே நின்றுபோன தீட்டும்.
கண்ணாடிக் கூண்டுக்குள்
நாளெல்லாம் உட்கார்ந்தே இருந்ததும்.
ரத்தத்தில் வெயில் சத்து இல்லையாம்.
மதுரையில்!

டாக்டர் சின்னப் பையன்.
"மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க,
நாங்க பார்த்து மாத்தித் தர்றோம்."
பிறகு கணினியில் எதையோ தட்டினார்.
"அடுத்த பத்து வருஷத்துல இடுப்பு முறிய
நூத்துக்கு ஆறு வாய்ப்பு இருக்கு."
"எவ்வளவு?" என்றேன்.
"ஆறு."
"அது இல்ல, அதுக்கு முன்னாடி சொன்னது."
அவருக்குப் புரியவில்லை.
ஆறு, ஆறு என்றே விளக்கிக்கொண்டிருந்தார்.
இருபது வருஷத்தில் அந்த ஆஸ்பத்திரியில்
யாரும் என்னிடம்
பத்து வருஷம் என்று சொன்னதில்லை.
அடுத்த மாசம் வாங்க என்பார்கள்.
ரொம்ப நல்லா இருந்தால், மூணு மாசம்.

இப்போதெல்லாம் பதினோரு மணிக்குக்
கூண்டைவிட்டு இறங்கி வெயிலில் நிற்கிறேன்.
"என்னக்கா, வெந்து சாகவா?" என்றான் ஒச்சப்பன்.
அவனுக்கு எதுவும் தெரியாது.
"வயசாகுதுப்பா," என்றேன்.
வாய்க்குப் புதுசாக இருந்தது அந்தச் சொல்.
இன்னொரு தரம் சொல்லிப் பார்த்தேன்,
அவன் போன பிறகு.

குளியலறைச் சுவருக்குக் கைப்பிடி வாங்கக்
கீழமாசி வீதிப் பக்கம் போனேன்.
இது இருநூற்றைம்பது, நாலு வருஷத்தில் துரு ஏறும்.
இது அறுநூற்றைம்பது, இருபது வருஷத்துக்கு அசையாது.
கொஞ்ச நேரம் நின்றேன்.
நானூறு ரூபாய் வித்தியாசம்.
கழிக்கத் தெரியாதவள் மாதிரி நின்றேன்.

இன்னும் மாட்டவில்லை.
துளை போடும் ஆள் ஞாயிற்றுக்கிழமை வருகிறானாம்.
வாரத்துக்கு ஒன்றான எலும்பு மாத்திரையை
வெறும் வயிற்றில் விழுங்கி
ஒரு சொம்புத் தண்ணீர் குடித்து
அரை மணி நேரம் சாயாமல்
நிமிர்ந்து உட்கார்ந்திருக்கச் சொன்ன கிழமை.
சீக்கிரம் வந்தால் தேவலை.
சும்மா உட்கார்ந்து எனக்குப் பழக்கமில்லை.